வெள்ளத்தில் நின்ற பஸ்ஸில் ஒரே ஒரு சார்ஜர்

தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர்களுக்கு விடியல் இரண்டு முறை வரும். எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்குள் பனி அசையாமல் நிற்க, தொழிலாளர் லயத்து வீடுகளின் வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது ஒரு முறை. பெரிய சாலைக்கு ஏறியதும் கூலிம் நகரத்துப் பக்கம் வானம் திடீரென்று அகலமாகத் திறக்கும்போது இன்னொரு முறை. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்கள். பின்னால் அத்தனை பெண்கள் இருப்பது அவர்கள் மூச்சில்தான் தெரியும். நான் ஓட்டுவது ஒரு பஸ்ஸையா, அத்தனை பேரின் பாதித் தூக்கத்தையா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

புதிதாக ஸ்டீரிங் பிடித்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் பஸ் ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். பிரேக்கைப் பற்றியும் லைசென்ஸைப் பற்றியும் சொல்லித்தர வேறு ஆட்கள் உண்டு. நான் ஒரு சார்ஜர் வயரைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

என் பஸ்ஸில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் சார்ஜ் போட ஒரே ஒரு துளைதான் வேலை செய்தது. செர்டாங் பக்கத்துத் தோட்டங்களில் ஏறுகிற பெண்கள் முதல் படியில் கால் வைக்கும்போதே, "அக்கா, ஃபோன் செத்துருச்சு, கொஞ்சம் சார்ஜ் போடவா?" என்று கேட்பார்கள். முதலில் ஏறியவளுக்குத் துளை கிடைக்கும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதற்காக ஒரு வாரம் இரண்டு பேர் பேசாமலேகூட இருந்தார்கள். ஒரு சாயங்காலம் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், ஒரு முனையைச் சொருகினால் மறுமுனை பல தலைகளாகப் பிரியும் வயர் ஒன்றைப் பார்த்தேன். பழைய ஃபோனுக்கு ஒரு தலை, புது ஃபோனுக்கு ஒரு தலை, விலை கூடிய ஃபோனுக்கு இன்னொரு தலை. வாங்கிவந்து மாட்டினேன். எங்கள் பஸ்ஸில் வரும் மலாய்க்கார லைன் லீடர் காக் திமா, அதாவது திமா அக்கா, அதைப் பார்த்துவிட்டு, கணவாய் மீன் மாதிரி கால் கால் என்று தொங்குகிறதே என்று சிரித்தார். கணவாய்க்கு மலாயில் சோத்தோங். அன்றிலிருந்து அது சோத்தோங் வயர்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தேன். ஃபோன்கள் எல்லாம் அதில் கிடக்கும். இருட்டில் ஓட்டும்போது கூடைக்குள் சின்னச் சின்ன வெளிச்சம் மினுங்கும், ஆழத்தில் மீன்கள் கண் திறந்து மூடுகிற மாதிரி. துளை ஒன்றுதான், அதில் வரும் மின்சாரமும் அவ்வளவுதான். அதை இத்தனை பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குத் துளித் துளியாகத்தான் ஏறும். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கும். 'வந்து சேந்துட்டேன்' என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப அது போதும். யாரும் முகம் திருப்பவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. என் பஸ்ஸில் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

சாதாரண நாளுக்கு அது நல்ல பழக்கம். நான் சொல்ல வந்தது சாதாரணமில்லாத ஒரு நாளைப் பற்றி.

அதற்கு முந்தின மாலை பெரிய காற்று. செம்பனை மட்டைகள் கம்பிமேல் விழுந்து தோட்டங்களில் எல்லாம் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை ஏறிய அத்தனை பேர் கையிலும் செத்த ஃபோன். பவர் பேங்க் வைத்திருந்தவர்களும் அதை இரவெல்லாம் விளக்குக்கும் விசிறிக்கும் போட்டுத் தீர்த்திருந்தார்கள். சோத்தோங் வயரால் அன்று எத்தனை பேருக்குத்தான் கொடுக்க முடியும்? வேலை நேரத்தில் ஃபோன்களும் பைகளும் லாக்கருக்குள் பூட்டிக் கிடந்தன. மதியம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இரைச்சல் இல்லாத மழை. கண்ணாடியில் வைப்பர் போய்வர, போய்வர, வெளியே எல்லாம் பச்சையாகக் கரைந்து ஒழுகியது. பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கூடை நிறைய ஃபோன்கள்.

பெரிய சாலையிலிருந்து தோட்டத்துப் பாதைக்குள் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்த பள்ளத்தில் பாதை இல்லை. தண்ணீர்தான் இருந்தது. தேத்தாரே டீயின் நிறத்தில், அவசரமே இல்லாமல், இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்திப் பின்னால் எடுக்கலாம் என்று பார்த்தால், நாங்கள் கடந்து வந்த பள்ளமும் மூடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மேட்டில் நாங்கள். இரண்டு பக்கமும் மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றன. அப்படி ஓர் அமைதியை நான் அந்தப் பாதையில் பார்த்ததில்லை. ஒரு கணம் அழகாகக்கூட இருந்தது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

யாரோ விழித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் விழித்தார்கள்.

"அக்கா, பெரிய பஸ்தானே லா, மெதுவா விட்டுப் போயிரலாம்" என்றாள் முன் சீட்டில் இருந்த கவிதா. அவள் குரலில் அவசரம் இருந்தது. அவளுடைய மகன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியின் வீடு ஆற்றங்கரை ஓரமாக இருந்தது.

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். எனக்கு இந்த ரூட்டைக் காட்டிக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். தண்ணிக்குக் கீழ ரோடு இருக்கும்னு நெனச்சுக்கிட்டு ஓட்டாதம்மா என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். பாதையின் இரண்டு ஓரத்திலும் ஆழமான வாய்க்கால்கள் உண்டு. தண்ணீர் ஓரத்தில் நின்று பார்த்தால் பாதை எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கணுக்கால் வரை இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் காலை இழுத்தது. திரும்பி வந்து என்ஜினை நிறுத்தினேன்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றேன். "இங்கதான் இருக்கணும்."

முணுமுணுப்பு எழுந்தது. நீங்களும் ஒருநாள் இப்படிச் சொல்லவேண்டி வரும். சொல்லிவிட்டு விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் பதறவில்லை என்று தெரிந்தால் அவர்களும் கொஞ்சம் அடங்குவார்கள்.

என் ஃபோனில் பாதிக்கும் குறைவாக உயிர் இருந்தது. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அவசர எண்ணில் பேசினேன். படகுகள் எல்லாம் வேறு இடங்களில் இருக்கின்றன, மேட்டில் இருந்தால் அங்கேயே இருங்கள், வருகிறோம் என்றார்கள். பஸ் ஆபீசில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் தோட்டத்து ஆபீசுக்குச் சொல்கிறேன் என்றார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நடு சீட்டிலிருந்து பரிமளாவின் இருமல் கேட்டது. பரிமளா தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். ஆஸ்துமா இருப்பது எல்லோருக்கும் தெரியும். இருமல் நின்ற பிறகு ஒரு சத்தம் வந்தது. காற்று ஓர் ஊசித்துளை வழியாகப் போய்வருகிற மாதிரி. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். காலி.

"நெபுலைசர் இருக்கு" என்றார். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மெஷின். மருந்தை ஊற்றினால் ஆவியாக்கித் தரும், முகமூடி வைத்து இழுக்க வேண்டும். மருந்தும் கையில் இருந்தது. மெஷினில்தான் சார்ஜ் இல்லை. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாத வீட்டில் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

காக் திமா அவரைக் கைத்தாங்கலாக முன்னால் அழைத்துவந்து என் பின் சீட்டில் உட்காரவைத்தார். நான் பஸ்ஸை ஸ்டார்ட் செய்து, சோத்தோங் வயரில் ஒரு தலையை ஃபோனிலிருந்து பிடுங்கி மெஷினில் மாட்டினேன். விளக்கு பச்சையாக வந்தது. ஆவி ஒரு நூல் மாதிரி எழுந்தது. எழுந்து, அப்படியே நின்றுவிட்டது. விளக்கு சிவப்பு. மறுபடி அழுத்தினேன். மறுபடி ஒரு நூல், மறுபடி சிவப்பு.

அந்த மெஷினுக்குத் துளித் துளியாக வந்தால் போதாது. ஃபோன் பொறுத்துக்கொள்ளும், அது பொறுத்துக்கொள்ளாது. நான் கூடைக்குள் கைவிட்டு எல்லா ஃபோனையும் கழற்ற ஆரம்பித்தேன்.

"அக்கா, என்னோடது வேணாம்" என்றாள் கவிதா. அவள் எழுந்து வந்து கூடைக்கு மேலே குனிந்து நின்றாள். "அஞ்சு நிமிஷம்கா. ஆன் ஆனா போதும். பேபி சிட்டர் அக்கா நம்பர் அதுலதான் இருக்கு. எனக்கு மனப்பாடமா தெரியாது."

"உன் வீட்டுக்காரர் நம்பர் தெரியுமா?"

தெரியும் என்றாள். என் ஃபோனிலிருந்தே அழைத்தோம். அவர் பினாங்கில் வேலையில் இருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவருடைய ஃபோனும் எங்கேயோ ஒரு லாக்கருக்குள் கிடந்திருக்கும்.

"பாத்தீங்களா? அஞ்சு நிமிஷம் மட்டும் அக்கா, தயவுசெஞ்சு."

ஒரு தடவை முயன்றும் பார்த்தேன். கவிதாவின் ஃபோன், பரிமளாவின் மெஷின், இரண்டு மட்டும் வயரில் இருக்கட்டும் என்று விட்டேன். பச்சை. பிறகு சிவப்பு. பரிமளாவின் உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. பேச முடியவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, ஜன்னலைத்தான் பார்த்தார். வெளியே மரங்களுக்கு நடுவே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

நான் கவிதாவின் ஃபோனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "இப்ப இல்ல கவிதா."

"ஆத்தங்கரையில இருக்கான்கா எம்மவன்!"

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு. பெத்திருந்தாத்தான தெரியும்."

எனக்குப் பிள்ளை இல்லை என்பது அந்த ரூட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை யாரும் அதுவரை என் முகத்துக்கு நேரே எடுத்ததில்லை. பல தலை வயரை உருவி எடுத்துவிட்டு, மெஷினுடைய சொந்த வயரை நேராகத் துளையில் மாட்டினேன். பச்சை விளக்கு அப்படியே நின்றது. ஆவி வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாக, மெதுவாக, பரிமளாவின் முகத்தைச் சுற்றி ஒரு சின்ன மேகம் மாதிரி.

பரிமளாவுக்குப் பிடிக்கத் தெம்பில்லாததால் முகமூடி நழுவிக்கொண்டே இருந்தது. நான் வயர் கழன்றுவிடாமல் துளையில் அழுத்திப் பிடித்திருந்தேன். காக் திமா பிடித்துப் பார்த்தார், அவருக்கு அந்தச் சந்தில் குனிய முடியவில்லை. கவிதா தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து முகமூடியைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி இருந்தது. கை மட்டும் அசையவே இல்லை. "மெதுவா இழுங்கக்கா. ம்... விடுங்க. ம்... இழுங்க." தன் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல் அது. காக் திமா வாய்க்குள் ஏதோ ஓதினார். பின்னால் இருந்தவர்களும் அறியாமலே அந்தக் கணக்குக்கு மூச்சு விட ஆரம்பித்தார்கள். பஸ் முழுக்க ஒரே மூச்சு. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது. மழை எப்போது தூறலாயிற்று என்றும் தெரியாது.

பரிமளாவின் தோள்கள் இறங்கின. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. "போதும்மா" என்று கவிதாவின் கையைத் தொட்டார்.

அந்த வார்த்தை வந்ததும் மெஷினைக் கழற்றிவிட்டுக் கவிதாவின் ஃபோனை மாட்டினேன். அதை மட்டும்தான். வேறு யாரும் கேட்கவில்லை. ஃபோன் கறுப்பாகவே கிடந்தது, பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. கவிதா எண்ணைத் தேடி அழைத்தாள். காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. ஃபோனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த முதல் அஞ்சு நிமிஷத்தைக் கொடுத்திருந்தால் யாராவது எடுத்திருப்பார்களா? தெரியாது. கொடுத்திருந்தால் பரிமளா தாங்கியிருப்பாரா? அதுவும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் மூச்சு நின்றுகொண்டிருந்தவருக்கு முதலில் கொடுத்தேன். மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியாகச் செய்ததாலேயே மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அன்று ஆற்றங்கரையில் ஏதாவது நடந்திருந்தால், நான் செய்தது சரிதான் என்பது அந்தத் தாய்க்கு எதற்கு உதவியிருக்கும்?

எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுக்கும்போது யாரும் உங்களை வெறுப்பதில்லை. அது ஒரு சுகம். நான் அந்தச் சுகத்துக்குப் பழகியிருந்தேன். நெருக்கடி வரும்போது ஒருவருக்கு முழுதாகக் கொடுத்து, இன்னொருவரை நேருக்கு நேர் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு எங்கேயும் போய் ஒளியவும் முடியாது, அவர்களோடு அதே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் மரங்களுக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் சத்தம் வந்தது. செம்பனைக் குலை ஏற்றுகிற டிராக்டர், ஆள் உயரச் சக்கரம், பின்னால் ட்ரெய்லர். தோட்டத்து ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஓட்டிவந்தவர் வாய்க்கால் எது, பாதை எது என்று மரவரிசையை வைத்தே அறிந்தவர். தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆடி ஆடி வந்து பஸ் பக்கத்தில் நிறுத்தினார். "ஒடம்பு சரியில்லாதவங்க மொதல்ல. கூட ஒரு ஆளு வரலாம். ஆபீஸ் மேட்டுல ஆம்புலன்ஸ் நிக்குது" என்றார்.

கூட ஒரு ஆள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கவிதா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவள் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது.

"கவிதா போகட்டும்" என்றேன். "மூச்சுக் கணக்கு அவளுக்குத்தான் தெரியும்."

யாரும் மறுக்கவில்லை. பரிமளாவைத் தூக்கி ட்ரெய்லரில் வைத்தோம். கவிதா ஏறி அவரை மடியில் சாய்த்துக்கொண்டாள். டிராக்டர் திரும்பியது. பழுப்புத் தண்ணீரில் கோடு விழுந்து விரிந்து, மரங்களின் காலில் மோதித் திரும்பி வந்து எங்கள் மேட்டைத் தொட்டது. அதற்குள் அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பரிமளாதான் வேலைக்குத் திரும்பிய பிறகு எனக்குச் சொன்னார். ஆபீஸ் மேட்டில் தோட்டத்து மண்டபத்தைத் திறந்து ஆற்றங்கரைக் குடும்பங்களை உட்காரவைத்திருந்தார்களாம். பிள்ளை பார்க்கும் பெண்மணி தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டார். அவசரத்தில் ஃபோனை வீட்டிலேயே விட்டுவிட்டார். கவிதா உள்ளே ஓடியபோது அவளுடைய மகன் யாருடைய தட்டிலிருந்தோ பிஸ்கட்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தானாம். "அவ அழுவல. புள்ள பக்கத்துல அப்படியே தரையில ஒக்காந்துட்டா" என்றார் பரிமளா.

எங்களையும் டிராக்டர் இரண்டு மூன்று நடையாக வெளியே கொண்டுவந்தது. நான் கடைசி நடையில் வந்தேன். ஓட்டுகிறவர் கடைசியில்தான் இறங்க வேண்டும், அது உங்களுக்கே தெரியும்.

கவிதா அதற்குப் பிறகும் என் பஸ்ஸில்தான் வந்தாள். முன் சீட்டில் உட்காரவில்லை. கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏறும்போது மற்றவர்களைப் போல "காலை வணக்கம்கா" என்று சொல்லமாட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருக்கும். அவளுக்கு என்மேல் கோபமா, தான் சொன்ன சொல்லின்மேல் வெட்கமா என்று பல விடியல்கள் யோசித்திருக்கிறேன். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வரும். ஆனால் பாதித் தூக்கத்தில் இருக்கும் ஒருத்தியை எழுப்பிக் கேட்கிற கேள்வியா அது?

மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறி, செம்பனைத் தூசு மறுபடி கண்ணாடியில் படியத் தொடங்கிய ஒரு காலையில் கவிதாவின் நிறுத்தத்தில் பனி அடர்த்தியாக இருந்தது. அவள் உருவம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கதவைத் திறந்தேன். தோளில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். கூலிம் கிளினிக்கில் ஊசி போட வேண்டும், இன்றைக்கு லீவு எடுத்திருக்கிறேன், வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பின்னால் போகவில்லை. எனக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, தன் துப்பட்டாவால் அவன் காலை மூடினாள்.

நான் கியரை மாற்றினேன். கொஞ்ச தூரம் போனதும் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்களேன். தூங்குறான்."

மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு குழியிலும் பஸ்ஸை, கைக்குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி இறக்கி ஏற்றினேன். பின்னால் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய சாலைக்கு ஏறும்போது வானம் ஏற்கெனவே திறந்திருந்தது. அன்று நாங்கள் தாமதம்தான். வாசலில் வந்த நேரத்தைப் பதியக் கார்டு தட்டும் இடத்துக்கு எல்லோரும் ஓட வேண்டியிருந்தது. ஏன் மெதுவாக வந்தாய் என்று ஒருத்திகூட என்னைக் கேட்கவில்லை.